454-ஐ 496 ஆக்கிய செவர்லே பிக் பிளாக்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

1970-இல் ஷெவல் எஸ்எஸ் காரில் 450 குதிரைத்திறன் என்று விளம்பரமான எல்எஸ்6 இன்ஜின் 454 கன அங்குலம்: போர் (சிலிண்டரின் விட்டம்) 4.250 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4.000 அங்குலம். அதே மார்க் 4 பிளாக்கின் (செவர்லேயின் அன்றைய பிக் பிளாக் வகை) போரை 0.060 அங்குலம் ஏற்றி 4.310 ஆக்கி, 4.250 ஸ்ட்ரோக் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டால் 496 கன அங்குலம் வரும். 0.030 மட்டும் ஏற்றினால் 489. தெருவில் ஓட்டும் பழைய மஸில் காருக்கு இதைவிட லாபமான மாற்றம் குறைவு. இழுவை அடியிலிருந்தே கிடைக்கும், இன்ஜினைக் கதறவிட வேண்டியதில்லை.

இந்த இன்ஜினில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் கெட்ட பாகத்தால் வருவதில்லை. கிராங்க் நல்லது, டேம்பரும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் சக்கரம்) நல்லது, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சேராதவை. பிஸ்டன் நல்லது, ஹெட்டும் (சிலிண்டரின் மூடி) நல்லது, பிஸ்டனின் தலையில் உள்ள மேடு அந்த ஹெட்டுக்கு வெட்டியதில்லை. அதனால் பாகத்தைக் குறை சொல்லி மாற்றும் முன் அளந்து பாருங்கள். கீழே உள்ள எண்கள் இந்தக் கட்டமைப்புக்கானவை: 9.800 அங்குல டெக் உயரம் (கிராங்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரை), 6.385 அங்குல கனெக்டிங் ராட், 1.270 கம்ப்ரஷன் உயரமுள்ள (பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் தட்டை முகம் வரை) ஃபோர்ஜ்டு பிஸ்டன். ஸ்ட்ரோக்கில் பாதியான 2.125-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 9.780. அதாவது மேல்முனையில் (ஏற்றத்தின் உச்சியில்) பிஸ்டன் டெக்குக்கு 0.020 கீழே நிற்கும். இந்த 0.020 பின்னால் மறுபடி வரும்.

பொருத்தும்போது கிராங்க் முட்டுகிறது, அல்லது இறுக்கமாகச் சுற்றுகிறது

முட்டுவது வேறு, இறுகுவது வேறு. ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நீளமான கைப்பிடியால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் "டக்" என்று நின்றால் ஏதோ ஒன்று மற்றொன்றில் இடிக்கிறது. சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருந்தால் பேரிங் பக்கம் போக வேண்டும்.

இடிக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு: ராட் போல்ட் சிலிண்டரின் அடி விளிம்பில், அல்லது ஆயில் பேன் உட்காரும் விளிம்பின் உட்பக்கத்தில். ஸ்ட்ரோக் கால் அங்குலம் கூடியதால் ராடின் பெரிய முனை ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வெளியே வீசுகிறது. 454-க்கு வார்த்த பிளாக்கில் அதற்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். எட்டு ராடையும் ஒவ்வொன்றாக மாட்டி, 1.5 மில்லிமீட்டர் கம்பித் துண்டு எல்லா இடத்திலும் நுழைகிறதா என்று பாருங்கள். 0.060 அங்குலம் என்பது அவ்வளவுதான். நுழையாத இடத்தில் அரைக்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் பேன் விளிம்புக்கு மேலே முதன்மை ஆயில் வழி ஓடுகிறது, அந்தப் பக்கம் தேவைக்கு மேல் ஒரு மயிரிழைகூட எடுக்காதீர்கள். அரைப்பதைக் கடைசிக் கழுவலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பொருத்திய இன்ஜினில் அரைத்தால் அந்தத் தூள் நேராகப் பேரிங்குக்குத்தான் போகும்.

பேன் போட்ட பிறகுதான் இடிக்கிறது என்றால் விண்டேஜ் தட்டையும் (சுழலும் கிராங்கையும் பேனில் உள்ள ஆயிலையும் பிரிக்கும் தகடு) ஆயில் அளவுக் கம்பியின் குழாயையும் பாருங்கள். 4.000 ஸ்ட்ரோக்குக்குச் செய்த தட்டைக் கொஞ்சம் இறக்கிப் பொருத்த வேண்டியிருக்கும்.

சுற்று முழுக்க இறுக்கம் என்றால், ராடைத் திருப்பிப் போட்டதுதான் முதல் சந்தேகம். ஒவ்வொரு ராடின் பெரிய முனையிலும் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். சீவிய பக்கம் கிராங்கின் கன்னத்தை (பின்னை ஒட்டிய பக்கச் சுவரை) பார்க்க வேண்டும். ஒரே பின்னில் உட்காரும் இரண்டு ராடின் தட்டைப் பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாறிவிட்டால் பேரிங்கின் ஓரம் கிராங்கின் வளைவு மூலையில் ஏறிவிடும். கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் ஒரு விளிம்பு மட்டும் நூல் கட்டிய மாதிரி பளபளக்கும். அந்தப் பேரிங்கை மறுபடி போடக் கூடாது. ராட்கள் சரியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் 0.015 முதல் 0.025 அங்குலம் ஆட வேண்டும்.

ஹெட் ஏற்றிய பிறகு மேல்முனைக்கு அருகே மட்டும் நிற்கிறதா? பிஸ்டனின் மேடு திறந்த அறை (எரி அறை அகன்ற) ஹெட்டுக்கு வெட்டியதாகவும், உங்கள் ஹெட் மூடிய அறையாகவும் இருக்கலாம். இது சேரவே சேராது. ஹெட்டை மாற்றுங்கள் அல்லது பிஸ்டனை மாற்றுங்கள், நெம்பிச் சுற்றாதீர்கள். பொருந்தும் ஜோடிதான் என்றாலும் பிஸ்டன் மேல் களிமண் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, வெட்டிப் பார்த்துவிடுங்கள். இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் 0.080, எக்ஸாஸ்ட்டுக்கு 0.100 அங்குலம் இருக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மிஸ்ஸிங், கார்புரேட்டர் வழியே வெடி

பிளக் 4-ஐயும் 7-ஐயும் கழற்றிப் பாருங்கள். அந்த இரண்டு மட்டும் நனைந்திருந்தால் கேமுடன் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) வந்த தாளை எடுத்துப் படியுங்கள். செவர்லேயின் வழக்கமான ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. இப்போது விற்கும் கேம்களில் பல 4-7 மாற்றியவை, அதாவது 4, 7 சிலிண்டர்களின் முறையை இடம் மாற்றியவை. அவற்றுக்கு வரிசை 1-8-7-3-6-5-4-2. பழைய வரிசையில் வயர் மாட்டினால் அந்த இரண்டு சிலிண்டருக்கும் பொறி சரியாக 360 டிகிரி தள்ளி வருகிறது. இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தில் பொறி விழுவதால்தான் வெடி. இரண்டு வயரை மாற்றி மாட்டினால் தீர்ந்தது.

வரிசை சரியாக இருந்தும் சுமையில் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் 5, 7 வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஓட்டுநர் பக்கம் அடுத்தடுத்து இருப்பவை, அடுத்தடுத்து எரிபவையும்கூட. இணையாகக் கட்டிய 5-இன் வயர், 7-க்கு நேரத்துக்கு முன்பே பொறியைத் தூண்டிவிடும். தனித்தனியாகப் பிரித்து, கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள். 4-7 மாற்றிய கேமில் இதே தொல்லை 4-க்கும் 2-க்கும் இடம் பெயர்ந்துவிடும்.

ஆயில் அழுத்தம் குறைகிறது

சூடான இன்ஜினில் 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றும் போதுமானது. மெயின் பேரிங், ராட் பேரிங் இரண்டிலும் 0.0025 முதல் 0.0030 அங்குல இடைவெளி விட்டிருந்தால் 10டபிள்யூ-40 ஆயிலில் இந்த அளவு தாராளமாக வரும். எப்போது குறைகிறது என்பதை வைத்துத்தான் காரணத்தைப் பிரிக்க வேண்டும்.

திடீரென்று பூஜ்யம் என்றால் உடனே அணையுங்கள். பம்பில் அழுத்தி நுழைத்த, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் அதிர்வில் கழன்று பேனில் விழுந்திருக்கும். குழாயைப் பம்பில் ஒரு புள்ளி வெல்டு வைத்துவிடுவது முறை. வைக்கும் முன் பம்பின் ரிலீஃப் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிடுங்கள், சூட்டில் அதன் விறைப்பு போய்விடும்.

மேல் வேகத்தில், அல்லது வளைவில், முள் விழுந்தால் ஆயில் பிக்கப்பை எட்டவில்லை. பிக்கப்புக்கும் பேன் அடிக்கும் 3/8 அங்குலம் இருக்க வேண்டும். பிக்கப்பின் அடியில் களிமண் உருண்டை வைத்து, கேஸ்கட்டுடன் பேனை ஏற்றி இறக்கி, நசுங்கிய களிமண்ணை அளந்தால் தெரியும். ஆயில் அதிகமானாலும் இதே அறிகுறிதான் வரும், அதைப் பலர் யோசிப்பதில்லை. நீண்ட ஸ்ட்ரோக் கிராங்க் ஆயில் மட்டத்துக்குக் கிட்டே சுழல்கிறது. மட்டம் உயர்ந்தால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், பம்ப் காற்றை இழுக்கும். வேறு பேன் போட்டவர்கள் பழைய அளவுக் கம்பியின் கோட்டை நம்பக் கூடாது. பேனும் ஃபில்டரும் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்து அளந்து ஊற்றி, ஓட்டி அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கம்பியில் புதுக் கோடு போடுங்கள்.

ஐட்லிங்கில் மட்டும், சூட்டில் மட்டும் குறைவு, ஓட்டத்தில் சரி என்றால் பேரிங் இடைவெளி கூடுதல், அல்லது ஆயில் மெலிவு. 20டபிள்யூ-50 போட்டுச் சரியானால் ஓட்டலாம். ஆனால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி பேரிங்கைக் காட்டும். காந்தத்தில் ஒட்டும் பொடி கேமையோ டேப்பெட்டையோ (கேம் தள்ளும் உருளை) காட்டும்.

வேகத்தோடு கூடும் அதிர்வு

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, நின்ற இடத்திலேயே 2,500 முதல் 3,000 சுற்று வரை ஏற்றுங்கள். அப்போதும் அதிர்ந்தால் சக்கரத்தையும் டிரைவ் ஷாஃப்டையும் மறந்துவிடலாம், இன்ஜினில்தான் இருக்கிறது.

இங்கேதான் பிக் பிளாக்கின் பழைய வரலாறு குறுக்கே வருகிறது. 396, 427 இரண்டும் உள் பேலன்ஸ்: கிராங்கின் எடைகளிலேயே கணக்கு முடிந்துவிடும், முன் டேம்பரும் கிராங்கின் பின்முனைத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டும் சமநிலையானவை. 454 வெளி பேலன்ஸ்: டேம்பரிலும் பிளேட்டிலும் ஒருபக்க எடை வைத்துத்தான் கிராங்கைச் சமன் செய்தார்கள். கடையில் வாங்கும் 4.250 கிராங்க் இரண்டு விதத்திலும் வருகிறது. பழைய 454-இன் டேம்பரையும் பிளேட்டையும் உள் பேலன்ஸ் கிராங்கில் மாட்டினால், சமநிலையான கிராங்கின் இரு முனையிலும் கல் கட்டிவிட்ட மாதிரி. மாறாக, வெளி பேலன்ஸ் கிராங்கில் சமநிலையான டேம்பரைப் போட்டாலும் அதே கதி. இரண்டிலும் பின் மெயின் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகும்.

கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். வெளி பேலன்ஸ் ஃபிளெக்ஸ் பிளேட்டில் ஓரிடத்தில் இரும்புத் துண்டு பற்றவைத்திருக்கும். டேம்பரின் நடுக்கட்டையில் ஒரு பாதி கனமாகவும் மறுபாதி குடைந்தும் இருக்கும். இவற்றைக் குறித்துக்கொண்டு, கிராங்கை பேலன்ஸ் செய்த கடையின் சீட்டைப் பாருங்கள். சீட்டில் "உள்" என்றால் இந்த இரண்டும் வெளியே போக வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் அதிர்வு இருந்தால் கன்வெர்ட்டரை (இன்ஜினை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுடன் இணைக்கும் பாகம்) பிரித்துப் பாருங்கள். மூன்று போல்ட்டைக் கழற்றி, கன்வெர்ட்டரை டிரான்ஸ்மிஷன் பக்கம் தள்ளி, அது இல்லாமல் இன்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் குற்றவாளி கன்வெர்ட்டர். திரும்ப மாட்டும்போது கன்வெர்ட்டருக்கும் பிளேட்டுக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம் இடைவெளி இருந்து, அதை போல்ட் இழுத்து மூட வேண்டும். இடைவெளியே இல்லாமல் இடித்துக்கொண்டு நின்றால் கன்வெர்ட்டர் கிராங்கை ஓயாமல் முன்னால் தள்ளி, அதை முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும். டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளந்தால் 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

நீலப் புகை, ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது

இந்த அறிகுறிக்கு ரிங்கை மாற்றி வீணாய்ப் போன பணம் கொஞ்சமில்லை. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்து, இரண்டு மூன்று பிளக் மட்டும் எண்ணெய்ப் பசையாக இருந்தால், இன்டேக் மேனிஃபோல்டின் கீழ்ப்புறம் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் டேப்பெட் பள்ளம் இருக்கிறது, அங்கே ஆயில் எப்போதும் தெறிக்கும். கேஸ்கட்டின் கீழ் ஓரம் சரியாக அழுந்தவில்லை என்றால் இன்டேக்கின் வேக்குவம் அந்த ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வெளியே ஸ்பிரே அடித்துத் தேடினால் இந்தக் கசிவு அகப்படாது.

சோதனை எளிது. பிசிவி குழாயை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிடுங்கள். இரண்டு வால்வு கவரிலும் உள்ள துளைகளை எல்லாம் மூடி, ஒரே ஒரு துளையை மட்டும் உள்ளங்கையால் பொத்துங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கட்டும். ரிங்கைத் தாண்டி வரும் காற்று கையை மெல்ல வெளியே தள்ள வேண்டும். கையை உள்ளே இழுத்தால் மேனிஃபோல்டின் அடியில் ஓட்டை, சந்தேகமே வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் லேத் பட்டறையில் இருக்கும். டெக்கையோ ஹெட்டையோ சீவினால் இரண்டு ஹெட்டும் கீழிறங்கி நடுவே நெருங்கும். மேனிஃபோல்டு பழைய அளவிலேயே நிற்கும். கேஸ்கட் இல்லாமல் மேனிஃபோல்டை வைத்து, நான்கு மூலையிலும் மேலேயும் கீழேயும் ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும் 0.010 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேனிஃபோல்டின் முகத்தைச் சீவ வேண்டும். கேஸ்கட்டின் மேல் சிலிகானை அள்ளிப் பூசுவது மருந்தல்ல.

கை வெளியே தள்ளப்பட்டால், அதுவும் பலமாக, அப்போது ரிங். மேல் ரிங்கின் வாய் இடைவெளி போர் ஒரு அங்குலத்துக்கு 0.0045 என்று கணக்கிட்டால் 4.310 போருக்கு 0.019. நீண்ட நேரம் மலையிறக்கத்தில் வந்து, மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஒரு மேகம் கிளம்பினால் வால்வு கைடும் சீலும்.

சுமையில் நாக்கிங்

நாக்கிங் என்பது கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம். கம்ப்ரஷன் விகிதத்தைத் தாளில் போட்டுப் பாருங்கள், பிஸ்டன் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ஒரு சிலிண்டர் 62 கன அங்குலம், அதாவது 1,016 சிசி. ஹெட்டின் அறை 119 சிசி என்று வையுங்கள். 4.370 விட்டமும் 0.039 தடிமனும் உள்ள கேஸ்கட் 9.6 சிசி. பிஸ்டன் 0.020 கீழே நிற்பது 4.8 சிசி. மேடு 18 சிசி என்றால் அதைக் கழியுங்கள். மிச்சம் 115.4. 1,016-ஐயும் 115.4-ஐயும் கூட்டி 115.4-ஆல் வகுத்தால் 9.8. அமெரிக்க பங்கில் கிடைக்கும் 91 முதல் 93 ஆக்டேனுக்கு, இரும்பு ஹெட்டில் 9.5-ஐத் தாண்டாமல் இருப்பது நிம்மதி. அலுமினிய ஹெட்டில் 10 முதல் 10.5 வரை போகலாம். அறையை நீங்களே அளந்து, உண்மையில் 112 சிசிதான் என்று தெரிந்தால் விகிதம் 10.4-க்கு ஏறிவிடும். இரும்பு ஹெட் நாக் ஆவதில் ஆச்சரியமில்லை.

தடித்த கேஸ்கட் போட்டு விகிதத்தைக் குறைக்கும் பழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. இப்போதே 0.020-ம் 0.039-ம் சேர்ந்து பிஸ்டனின் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் 0.059 இருக்கிறது. அது 0.040 முதல் 0.045-க்குள் இருந்தால்தான் கலவை நன்றாகக் கலங்கி, நாக்கிங் எழாமல் அடங்கும். தடித்த கேஸ்கட் அந்த இடைவெளியை இன்னும் விரிக்கும். டெக்கைச் சீவி, மேட்டைக் குறைப்பதே நேர்வழி.

விகிதம் சரியாக இருந்தும் நாக் ஆனால் டைமிங் குறியே பொய் சொல்லலாம். டேம்பரின் வெளி வளையம் ரப்பரில் வழுக்கியிருக்கும், அல்லது டைமிங் முள் வேறு விட்டமுள்ள டேம்பருக்கானதாக இருக்கும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, கையால் வலப்புறம் சுற்றி முட்டிய இடத்தில் ஒரு கோடு, இடப்புறம் சுற்றி முட்டிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான மேல்முனை. அதை வைத்து மொத்த அட்வான்ஸை (மேல்முனைக்கு எவ்வளவு முன்பு பொறி விழுகிறது என்பதை) 34 டிகிரியில் தொடங்கி, நாக் இல்லாவிட்டால் 36-க்கு ஏற்றுங்கள்.

சூடேறுகிறது

நின்றால் மட்டும் சூடு என்றால் ஃபேன், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு), ஐட்லிங் டைமிங். பெரிய கேமுக்கு ஐட்லிங்கில் 14 முதல் 18 டிகிரி தேவை. 6 டிகிரியில் விட்டால் நெருப்பு எக்ஸாஸ்ட்டில் எரிந்து ஹெட்டைச் சுடும். ஓட்டத்திலும் சூடு, பின் சிலிண்டர்கள் கூடுதல் சூடு என்றால் ஹெட் கேஸ்கட்டை முன்பின் மாற்றிப் போட்டிருக்கலாம். மார்க் 4-இல் நீர் பிளாக்கின் பின்பக்கம் வரை போய் அங்கே ஹெட்டுக்கு ஏற வேண்டும். பெரிய துளைகள் முன்னே வந்துவிட்டால் நீர் குறுக்குவழியில் திரும்பிவிடும். கேஸ்கட்டில் முன்பக்கம் என்று அச்சிட்டிருப்பது இதற்குத்தான். 0.060 ஏற்றிய பிளாக்கில் சுவர் மெலிவும் ஒரு காரணமாகலாம். போர் வெட்டும் முன்பே சோனிக் கருவியால் சுவரை அளந்திருக்க வேண்டும், வெட்டிய பிறகு அதற்குப் பரிகாரம் சிலிண்டர் லைனர்தான்.

டைமிங் லைட்டில் குறி ஆடுகிறது

ரோலர் கேம் (டேப்பெட்டின் அடியில் உருளும் சக்கரம் உள்ள வகை) போட்டவர்களுக்கு வரும் தொல்லை. தட்டை டேப்பெட்டில் கேம் முகட்டின் சரிவு கேமைத் தானே பின்னால் தள்ளி வைத்திருக்கும். ரோலரில் அது இல்லை, கேம் முன்னும் பின்னும் நடக்கும், அதோடு டிஸ்ட்ரிபியூட்டர் கியர் சரிவில் ஏறி இறங்கி டைமிங்கும் ஆடும். கேம் முன்னால் நகராமல் தடுக்கும் கேம் பட்டன் வேண்டும். மெல்லிய தகட்டு டைமிங் கவர் வளைந்து கொடுத்தால் பட்டன் இருந்தும் பயனில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் உலோகமும் அந்தக் கேமுக்கு ஏற்றதா என்று கேம் செய்தவரின் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சேராத கியர் சில நூறு மைலிலேயே கத்தி முனை மாதிரி தேயும்.

4,500 சுற்றுக்கு மேல் இழுவை செத்துப்போகிறது

496 இன்ஜின் 5,500 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 790 கன அடி காற்று கேட்கிறது, 850 கார்புரேட்டர் போதும். பெட்ரோல்தான் போதாமல் போகும். 500 குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 250 பவுண்டு, அதாவது 42 கேலன். பழைய 5/16 அங்குலக் குழாய் அதைத் தராது. தொட்டியிலிருந்தே 3/8 வேண்டும். அழுத்தமானியைக் கார்புரேட்டருக்கு அருகே இணைத்து, முன் கண்ணாடிக்கு வெளியே டேப்பால் ஒட்டி, பாதுகாப்பான இடத்தில் முழு மிதியில் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் 6 பிஎஸ்ஐ காட்டிய முள் மேல்வேகத்தில் 3-க்கு விழுந்தால் குழாய், ஃபில்டர், தொட்டிக்குள் இருக்கும் வலை என்ற வரிசையில் பாருங்கள். முள் அசையாமல் நின்றும் இழுவை செத்தால் வால்வு ஸ்பிரிங்கின் பக்கம் திரும்புங்கள்.

ஐட்லிங்கில் பிளக் கரியாகிறது என்றால் பவர் வால்வு (வேக்குவம் குறையும்போது கூடுதல் பெட்ரோல் விடும் கார்புரேட்டர் வால்வு). கியரில் போட்ட நிலையில் வேக்குவம் 9 அங்குலம் காட்டினால், அதில் பாதியான 4.5 எண்ணுள்ள வால்வு போடுங்கள். 6.5 போட்டால் சிறிய ஏற்றத்தில்கூட திறந்துகொண்டு பெட்ரோலைக் கொட்டும்.

சூட்டில் செல்ஃப் திணறுகிறது

அணைத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி சுற்றும்போது மட்டும் என்றால் ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாயின் வெக்கை. இன்ஜினின் பூமி வயர் பிளாக்கில் நேராகப் பிடித்திருக்கிறதா, பேட்டரி வயர் தடிமன் போதுமா என்று முதலில் பாருங்கள், பிறகு செல்ஃப் மோட்டாருக்கு வெப்பத் தடுப்பு உறை. சுற்றும்போது உதைத்து உதைத்துத் திணறினால் அது செல்ஃபின் குற்றமல்ல: ஐட்லிங் டைமிங் 20 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு டிகிரி பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.